தண்டவாளத்தை அளக்கும் வண்டியை ஓட்டுவது யார்?

பாலக்காட்டு மாவட்டத்தின் எல்லையோர ஊரான முதலமடையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். ஜப்பானில் ‘டாக்டர் எல்லோ’ என்ற மஞ்சள் நிற ரயில் ஒன்று பயணிகள் எவரையும் ஏற்றாமல், புல்லட் ரயில் பாதையில் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை ஓடி, தண்டவாளத்தையும் மேலே போகும் மின்கம்பியையும் சோதிப்பதைக் காணொளியில் பார்த்தாராம். நம் பக்கத்திலும் அப்படி ஒரு வண்டி உண்டா, அதை ஓட்ட எந்தத் தேர்வு எழுத வேண்டும், அந்த வேலை எப்படி இருக்கும் என்பவை அவருடைய கேள்விகள். நான் போத்தனூரில் பிறந்தவன். ஓட்டுநர்கள் பணியேற்கும் அறையான பாலக்காட்டு லாபியில் கையெழுத்துப் போட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவன். அளவை வண்டிகளையும் பல முறை இழுத்திருக்கிறேன் என்பதால் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

வண்டி உண்டு. ஆனால் அதை ஓட்டுவதற்கென்று இந்திய ரயில்வேயில் தனிப் பதவி கிடையாது. ‘ட்ராக் ரெக்கார்டிங் கார்’ என்று சொல்லப்படும் அளவைப் பெட்டிகள் லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வைச் சேர்ந்தவை. நாடு முழுவதும் சுற்றிவரும் அந்தப் பெட்டிகள் ஒரு கோட்டத்துக்குள் வந்ததும், எஞ்சினையும் ஓட்டுநர்களையும் அந்தக் கோட்டமே தர வேண்டும். ஆகவே நேற்று சரக்கு வண்டியோ பயணிகள் வண்டியோ ஓட்டியவர்தான் இன்று அளவை வண்டியை இழுப்பார். நாளை மறுபடி தம் பழைய வண்டிக்கே போய்விடுவார். ஜப்பானிய வண்டியைப் பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் அதே போன்ற வண்டியை ஓட்டலாம் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த மஞ்சள் வண்டிகளிலும் ஒன்று 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டது என்பது வேறு விஷயம்.

இனி வேலை எப்படி இருக்கும் என்பதற்கு வருகிறேன். அளவை வண்டி என்றதும், ஓட்டுநர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்டவாளத்தில் விரிசல் தேடுவார் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அன்றைக்குத் தேடும் வேலை அவருடையது அன்று. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய 1,676 மில்லிமீட்டர் இடைவெளி எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது, ஒரு தண்டவாளம் மற்றதைவிட எங்கே தாழ்ந்திருக்கிறது, சில மீட்டர் தூரத்துக்குள் பாதை எங்கே முறுக்கிக்கொண்டிருக்கிறது, நேராகப் போக வேண்டிய இடத்தில் எங்கே நெளிந்திருக்கிறது என்பதையெல்லாம் பின்னால் உள்ள பெட்டியின் லேசர்களும் அதிர்வுமானிகளும் ஏறத்தாழ ஓரடிக்கு ஒரு முறை அளந்துகொண்டே வரும். ஓட்டுநர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வேகத்தைக் குலையாமல் பிடித்துக்கொள்வது. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த ஒன்றுதான் அந்த நாளின் முழுப் பாடும்.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பாதையில் பத்து மீட்டர் நீளத்துக்கு ஆழம் குறைந்த ஒரு பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பெட்டி அதைக் கடக்க ஏறத்தாழ 1.8 விநாடி ஆகும். அந்த நிதானத்தில் பெட்டி மெல்ல இறங்கி மெல்ல ஏறிவிடும், அதிர்வுமானிக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே பள்ளத்தை 0.36 விநாடியில் கடக்க நேரும்போது, வேகம் ஐந்து மடங்கு கூடியதால் முடுக்கம் அதன் வர்க்கமாக, அதாவது இருபத்தைந்து மடங்காகப் பெருகிவிடுகிறது. முடுக்கத்தை வைத்துப் பள்ளத்தைக் கணக்கிடும் கருவிக்கு ஓரளவு வேகம் இல்லாவிட்டால் கண் தெரியாது. அதனால், சிக்னல் கிடைக்காமல் வண்டி ஊர்ந்து போன இடங்கள் வரைபடத்தில் ‘பதிவாகாத பகுதி’ என்று ஒதுக்கப்பட்டுவிடும். அந்தத் துண்டை இன்னொரு நாள் வந்து திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

போத்தனூரிலிருந்து பாலக்காடு வரை ஒரு நாள் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1862இல் பட்டாம்பிக்கும் போத்தனூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து, மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இந்தக் கணவாய் வழியாகத்தான் தமிழ்நாட்டு வண்டிகள் மலபாருக்குள் நுழைகின்றன. மதுக்கரையைத் தாண்டியதும் இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, ‘ஏ லைன்’, ‘பி லைன்’ என்று தனித்தனியாகக் காட்டுக்குள் வளைந்து போகின்றன. ஒரு நாளைக்கு ஒரு லைனைத்தான் ஒழுங்காக அளக்க முடியும். வளைவு என்றால் அளவை வண்டிக்கு விருந்து, ஓட்டுநருக்குத் தலைவலி. வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பாதைப் பொறியாளர்கள் இருபது மீட்டர் நூலைத் தண்டவாளத்தின் ஓரத்தில் பிடித்து நடுவில் எவ்வளவு விலகல் என்று அளப்பார்கள். 400 மீட்டர் ஆரமுள்ள வளைவானால் அது 125 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். இடத்துக்கு இடம் அந்த எண் ஏறி இறங்கினால், வளைவு ஒரே வில்லாக இல்லாமல் உடைந்து கிடக்கிறது என்று பொருள். நூலைப் பிடித்து ஒரு நாள் முழுக்க அளக்கும் வளைவுகளை அளவை வண்டி சில நிமிடங்களில் அளந்துவிடும், ஓட்டுநர் நடுவளைவில் பிரேக்கைத் தொடாமல் இருந்தால்.

பிரேக்கைத் தொடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எத்தனையாவது கிலோமீட்டரில் எத்தனையாவது மீட்டரில் குறை இருக்கிறது என்பதை, அளவைப் பெட்டியின் சக்கர அச்சில் பொருத்திய கருவி சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் சொல்கிறது. கடுமையாகப் பிரேக் போட்டுச் சக்கரம் சுற்றாமல் வழுக்கினால் எண்ணிக்கை தப்பும். பிறகு பாதையைச் செப்பனிடும் கேங் ஆட்கள் குறை இல்லாத இடத்தில் ஜல்லியைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். இதைத் தவிர்ப்பதற்காகப் பழைய பெட்டிகளில் ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்து, கிலோமீட்டர் கல், பாலம், கேட் எது வந்தாலும் பொத்தானை அமுக்கிப் பதிவை நேர் செய்துகொண்டே வருவார். அந்த மனிதர் தேநீர் குடித்ததை நான் பார்த்ததே இல்லை. இப்போது அந்த வேலையின் பெரும்பகுதியைச் செயற்கைக்கோள் இடங்காட்டி எடுத்துக்கொண்டது. புதிய தலைமுறைப் பெட்டிகளில் அதிவேகமாகப் படமெடுக்கும் கேமராக்களும் சேர்ந்திருக்கின்றன; தண்டவாளத்தை அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பரோடு இறுக்கும் கிளிப் ஒன்று கழன்று போயிருந்தாலும் படத்தில் விழுந்துவிடும்.

அளவை வண்டி ஓடும் நாளில் ஓட்டுநருக்கு உண்மையான எதிரி தண்டவாளமும் அல்ல, யானையும் அல்ல, கட்டுப்பாட்டு அறைதான். எக்ஸ்பிரஸ் வண்டிகள் வரிசையாக வரும் பாதையில், பயணிகள் இல்லாத ஒரு வண்டிக்கு எல்லா நிலையங்களிலும் நிற்காமல் போகப் பச்சை விளக்கு போட்டுத் தருவது கன்ட்ரோலருக்கு எளிதல்ல. கஞ்சிக்கோட்டில் பக்கத்துப் பாதையான லூப் லைனில் ஒதுங்கி நிற்கச் சொன்னால் மெயின் லைன் அளக்கப்படாமலேயே போய்விடும். ஆகையால் பாதைப் பிரிவின் மூத்த பொறியாளர், பழைய பெயரில் சொன்னால் பி.டபிள்யூ.ஐ., பின் பெட்டியில் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு காதைப் போனிலும் வைத்துக்கொண்டு கன்ட்ரோலருடன் மன்றாடிக்கொண்டே வருவார். வாளையாரைத் தாண்டினால் நிலைய அதிகாரிகளின் வாக்கி-டாக்கிப் பேச்சில் தமிழும் மலையாளமும் பாதிப் பாதியாகக் கலந்துவிடும். இரண்டும் தெரிந்த உங்களைப் போன்ற எல்லையோரப் பிள்ளைகளுக்கு அது ஒரு சிறிய அனுகூலம்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேச முடியாது. வாளையார்க் காட்டில் ரயிலில் அடிபட்டு யானைகள் இறந்தது பல முறை நடந்திருக்கிறது. இரவில் அங்கே வேகக் கட்டுப்பாடு உண்டு. 2024இல் மதுக்கரைப் பகுதியில் தமிழ்நாடு வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களைக் கோபுரங்களில் வைத்து, யானை பாதையருகே வந்தால் ரயில்வேக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டையும் தொடங்கியது. அளவை ஓட்டத்தைப் பகலில் வைத்துக்கொள்வதே நல்லது என்பதற்கு இந்தக் காடு ஒன்றே போதும்.

இவ்வளவு நுட்பமான வண்டி வந்து அளந்துவிட்டுப் போன பிறகு பாதையில் குறையே இராது என்று எண்ணிவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அளவை வண்டி அன்றைக்கு அந்த நேரத்தில் தண்டவாளத்தின் வடிவம் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். பாதையின் தரத்துக்கேற்பச் சில மாதங்களுக்கு ஒரு முறைதான் அது வரும். அதற்கிடையில் பாலக்காட்டு வெயில் இருக்கிறது. அதன் பின்னால் இடவப்பாதி என்று மலையாளத்தில் சொல்லும் தென்மேற்குப் பருவமழை இருக்கிறது.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பழைய காலத்து ‘தடக் தடக்’ ஓசை அதனால்தான் மறைந்தது. கட்டுப்பாடில்லாமல் சும்மா கிடக்கும் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி கூடினால் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். ஸ்லீப்பரும் ஜல்லியும் அதை நீள விடாமல் பிடித்துவைத்திருப்பதால், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்துக்குள் டிகிரிக்கு 1.9 டன் வீதம் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஏப்ரல் மதியத்தில் ஜல்லி குறைந்த ஓர் இடம் கிடைத்தால் போதும், அந்த அழுத்தம் பாதையைப் பாம்பாக நெளித்துவிடும். காலை எட்டு மணிக்கு ஓடிய அளவை வண்டியின் வரைபடத்தில் அந்த இடம் கோடு போட்டதுபோல் நேராகத்தான் இருந்திருக்கும்.

மழைக் காலக் கதை ஒன்று என்னிடமே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த ஓர் இரவு, பயணிகள் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சிறிய பாலத்தை நெருங்கும் இடத்தில் எஞ்சின் இடப்பக்கமாக ஒரு கணம் அமிழ்ந்து எழுந்தது. உடன் இருந்த உதவி ஓட்டுநருக்கு அது தெரியவே இல்லை. கேட்டபோது, எப்போதும் உள்ள ஆட்டம்தானே என்றார். பாலமும் மண்கரையும் சேரும் இடம் எங்கேயும் சிறிது இறங்குவது வழக்கம்தான். பாலம் இறங்காது, மண் இறங்கும். ஆனால் அந்த இடத்தை எத்தனையோ இரவுகள் கடந்த என் உடம்புக்கு அன்றைய அமிழ்தல் புதிதாக இருந்தது. மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த நிலையத்தில் வண்டியை நிறுத்திச் சொன்னேன். ஓட்டுநர் அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த வண்டியை வழக்கமான வேகத்தில் அனுப்ப முடியாது. ஆள் போய்ப் பார்த்தாக வேண்டும். போய்ப் பார்த்த கேங் மேட், சில ஸ்லீப்பர்களுக்கு அடியில் ஜல்லியைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்ததைக் கண்டார். அந்த இடத்தை அளவை வண்டி கடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதில் எந்தக் குறையும் பதிவாகவில்லை. வண்டியின் மேல் தப்பில்லை. அன்றைக்கு ஜல்லி அங்கே இருந்தது.

இளம் ஓட்டுநர்கள் பலர் இப்படிச் சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் வண்டிகள் தாமதமாகும், ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் கேலி பேசுவார்கள் என்ற கூச்சம். என்னைக் கேட்டால், பத்து முறை பொய்யாகப் போனாலும் பதினோராவது முறையும் சொல்லத்தான் வேண்டும்.

அளவை வண்டிக்கு அறவே தெரியாத இடங்களும் உண்டு. 2001 ஜூன் 22 அன்று, கோழிக்கோட்டுக்குத் தெற்கே கடலுண்டி ஆற்றுப் பாலத்தில் மங்களூர்–சென்னை மெயில் வண்டியின் பெட்டிகள் ஆற்றில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் கோட்டத்தில் வேலை பார்த்த எவரும் மறக்க முடியாத நாள் அது. தண்டவாளத்தின் மேல்முகத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், தண்ணீருக்குள் நிற்கும் தூணின் உடல்நிலை அந்த அளவில் வராது. தண்டவாளத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் விரிசலும் அப்படித்தான். அதைக் கண்டுபிடிக்க, மீயொலிக் கருவியைத் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு, தண்ணீரைச் சொட்டவிட்டபடி நடக்கும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் மேலாக, சுத்தியலும் ஸ்பானரும் தோளில் போட்டுக்கொண்டு தம் எல்லைக்குட்பட்ட பாதை முழுவதையும் நாள்தோறும் நடந்தே பார்க்கும் கீமேன் இருக்கிறார். பாதையைப் பரிசோதிப்பவர் யார் என்று என்னைக் கேட்டால் முதலில் அவரைத்தான் காட்டுவேன்.

சிறு வயதில் உங்கள் ஊர் நிலையத்தில் அதிகாரிகள் வரிசையாகச் சிறு வண்டிகளில் தண்டவாளத்தின் மேல் போனதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொள்ளாச்சி–பாலக்காடு மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2015இல் திறக்கப்பட்டதற்கு முன் நடந்த பாதுகாப்பு ஆணையரின் ஆய்வாக அது இருக்கலாம். அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தன் பாதைக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மோட்டார் ட்ராலியில் போய்ப் பாலம், வளைவு, கேட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு, எஞ்சினும் பெட்டிகளும் கொண்ட ஒரு வண்டியை வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த வேகச் சோதனையை ஓட்டுவதும் கோட்டத்தின் ஓட்டுநர்தான். அனுபவம் மிகுந்த ஒருவரையே அனுப்புவார்கள்.

சோதனை வண்டிதான் வேண்டும், வேறு வண்டி வேண்டாம் என்று ஒருவர் உறுதியாக இருந்தால், அவருக்கு உண்மையில் பொருத்தமானது டவர் வேகன். மின்கம்பியைப் பார்ப்பதற்கும் பழுது நீக்குவதற்கும் மேடையோடு ஓடும் அந்த வண்டியின் ஓட்டுநர்கள் மின் இழுவைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். டெக்னீஷியனாகச் சேர்ந்து, பிறகு பயிற்சி பெற்று ஓட்டுநராகிறார்கள். கம்பி அறுந்தால் நள்ளிரவிலும் கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஜல்லியை இறுக்கும் டாம்பிங் மெஷின் ஓட்டுவது இன்னொரு வழி. அது முகாம் பெட்டியிலேயே வாழ வேண்டிய பிழைப்பு. குடும்பஸ்தர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

எஞ்சின்தான் வேண்டும் என்றால், ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் உதவி லோகோ பைலட் தேர்வை எழுத வேண்டும். பத்தாம் வகுப்போடு உரிய தொழிற்பிரிவில் ஐ.டி.ஐ., அல்லது பொறியியல் டிப்ளமா போதும். கணினித் தேர்வு இரண்டு கட்டம்; தமிழிலேயே எழுதலாம். அதன் பிறகு வரும் திறனறித் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 42 என்ற அளவைத் தொட்டாக வேண்டும், ஒன்றில் குறைந்தாலும் மற்றவை உதவா. தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அதற்கு மேல் ஓடிய தூரத்துக்கேற்ப மைலேஜ் உண்டு. உதவியாளர், ஷன்டிங், சரக்கு வண்டி, பயணிகள் வண்டி என்று படிப்படியாக ஏற ஆண்டுகள் பிடிக்கும். ஒரு பாதையில் தனியாக ஓட்டுவதற்கு முன், இரவு ஓட்டம் உட்பட, அந்தப் பாதையைக் கற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும். சில மாதம் போகாமல் இருந்தால் மறுபடியும் கற்க வேண்டும். அளவை வண்டி உங்கள் பெயருக்கு வருவது அதற்கும் பிறகு, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை லாபியின் பட்டியலில்.

கடைசியாக, பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று. ஓட்டுநர் பணிக்கு ஏ-1 என்ற மருத்துவத் தகுதி வேண்டும்: கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 தூரப்பார்வை இருக்க வேண்டும், நிறக்குருடு அறவே கூடாது, லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர்களை எடுக்க மாட்டார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டு ஆண்டு கோச்சிங் போய், எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறி, புள்ளிகளுக்கு நடுவே எண்ணைப் படிக்கச் சொல்லும் அந்தப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை என்று அறிந்தான். ஆகவே விண்ணப்பம் போடுவதற்கும் கோச்சிங் கட்டணம் கட்டுவதற்கும் முன்னால், பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ ஒரு கண் மருத்துவரிடம் போய், லோகோ பைலட் வேலைக்கு என்று சொல்லி, நிறப் பார்வைச் சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள், தம்பி.